விமானம் பார்க்கப் போனோம்

தாம்பரத்திலும் சேலையூரிலும் குடியிருக்கிறவர்களுக்கு விமானச் சத்தம் ஒன்றும் புதிதல்ல. கிழக்குத் தாம்பரத்தில் விமானப்படை நிலையமே இருக்கிறது. துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனால் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஒன்று தடதடவென்று போய்க்கொண்டிருக்கும். பேச்சை அரை நிமிஷம் நிறுத்திவிட்டு, அது தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். வெளியூரிலிருந்து வரும் உறவுக்காரர்கள்தான் வாசலுக்கு ஓடி அண்ணாந்து பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட எங்களுக்கே 2024 அக்டோபரில் ஆசை வந்துவிட்டது. இந்திய விமானப்படை 1932-ம் வருஷம் அக்டோபர் 8-ம் தேதி தொடங்கப்பட்டது. அதன் 92-வது ஆண்டு விழா அந்த வருஷம் சென்னைக்குக் கிடைத்தது. அணிவகுப்பு 8-ம் தேதி எங்கள் தாம்பரத்தில். அதற்கு இரண்டு நாள் முன்னதாக, 6-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மெரினா கடற்கரையில் வான் சாகசக் காட்சி. காலை 11 மணியிலிருந்து 1 மணி வரை. கட்டணம் கிடையாது. ரஃபேல், சுகோய், தேஜஸ், பழைய காலத்து டகோட்டா, 'சாரங்' ஹெலிகாப்டர்கள், 'சூர்யகிரண்' குழு என்று பேப்பரில் தினமும் பட்டியல் வந்துகொண்டிருந்தது. சென்னையில் இப்படி ஒரு காட்சி நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். பிள்ளைகளைக் கேட்க வேண்டுமா? வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அவர்களை விட ஆவலாக இருந்தது என் மாமனார். எழுபது வயது. "சின்ன வயசுல இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வளர்ந்தவன்மா நான். ஒரு தடவை பக்கத்துல பார்த்துடணும்" என்றார். பெரியவர் வாய்விட்டுக் கேட்கும்போது மறுக்க மனசு வருமா? மாமியார் மட்டும், "நவராத்திரி நடக்குது. கொலுவைப் போட்டுட்டு நான் வரல. சாயந்திரம் விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் என் கடமையை ஒழுங்காகச் செய்தேன். நாலு பாட்டில் தண்ணீர், தயிர் சாதம், எலுமிச்சை ஊறுகாய், இரண்டு குடை, பருத்தித் துண்டுகள், மாமாவின் மாத்திரை டப்பா, மருந்துக் கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. என் பெண்ணுக்கு அன்று மாதவிலக்கின் இரண்டாம் நாள். "நீ வீட்டில் இரேன்" என்றதற்கு, "அதுக்காகவாம்மா இதை விடணும்?" என்று கேட்டாள். அவள் கேட்டதும் நியாயந்தானே! அவளுக்கு வேண்டியதையும் தனியாக ஒரு பையில் எடுத்துக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்குக் கேம்ப் ரோட்டில் பஸ் ஏறினோம். செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி. அங்கிருந்து பறக்கும் ரயில். அப்போது அந்த ரயில் சிந்தாதிரிப்பேட்டை வரைதான் ஓடிக்கொண்டிருந்தது. வேளச்சேரி நிலையத்தின் படிக்கட்டைப் பார்த்ததுமே எனக்குப் பகீரென்றது. எள் போட்டால் எள் விழாது. முதல் வண்டியை விட்டோம், இரண்டாவதையும் விட்டோம். மூன்றாவதில் என் சின்னப் பிள்ளையை இவர் தோளில் தூக்கிக்கொள்ள, மாமாவை நடுவில் விட்டு நானும் பெண்ணும் இரண்டு பக்கமும் அணை கட்டியதுபோல் நின்றோம். திருவல்லிக்கேணியில் இறங்கியதும், நாங்கள் நடக்கவில்லை. கூட்டம் எங்களை நடத்திக்கொண்டு போயிற்று.

அன்றைக்குச் சுமார் 15 லட்சம் பேர் கூடியதாகப் பின்னால் செய்திகளில் சொன்னார்கள். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அன்று காய்கிற நாள். பத்து மணிக்கே மணல் கொதித்தது. கடலோரம் என்றால் குளுகுளு என்று இருக்கும் என்று நினைக்கிறோம். சாயங்காலத்துக்குத்தான் அது பொருந்தும். காலை வேளையில் கடற்காற்று எழும்புகிற வரை அங்கே புழுக்கம்தான். காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் வியர்வை உலராது. வியர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்?

நிழலுக்கு ஒதுங்க எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. குடையை விரித்தேன். உடனே பின்னாலிருந்து, "குடையை மடக்குங்கம்மா, மறைக்குது!" என்று குரல்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்களும் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள்? மடக்கினேன். துண்டை நனைத்து மாமா தலையில் போட்டேன், பிள்ளை தலையிலும் போட்டேன். நாலு பாட்டில் தண்ணீரில் இரண்டு, காட்சி தொடங்குவதற்கு முன்பே காலி.

பதினோரு மணிக்குக் காட்சி ஆரம்பமாயிற்று. குறை சொல்லக்கூடாது, வானத்தில் நடந்தது அற்புதம். ஹெலிகாப்டர்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கோலம் போட்டன. போர் விமானம் ஒன்று கண்ணுக்கு முன்னால் போன பிறகுதான் அதன் சத்தம் நெஞ்சில் வந்து அடித்தது. அந்த இளைஞர்களின் திறமைக்கும் தைரியத்துக்கும் எத்தனை தடவை கை தட்டினாலும் தகும். ஆனால் வானத்தைப் பார்த்தது எத்தனை நேரம் என்று கேட்டால், மொத்தத்தில் பத்து நிமிஷம் இருக்குமா என்பது சந்தேகம். மீதி நேரமெல்லாம் மாமாவின் முகத்தையும், பெண்ணின் முகத்தையும், தண்ணீர் பாட்டிலையும்தான் பார்த்தேன். என் சின்னவன் முன்னால் நிற்பவரின் சட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம மாடியிலேர்ந்தே இதைவிட நல்லாத் தெரியும்" என்றான். ஒத்திகை நடந்த நாட்களில் அவன் மாடியில் நின்று பார்த்தவன். அவன் சொன்னது அட்சரலட்சம் பெறும்!

பன்னிரண்டு மணிக்கு என் பெண் காதோடு, "அம்மா, போகணும்" என்றாள். அவளை அழைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். எங்களுக்கு எட்டிய தூரத்தில் ஒரு நடமாடும் கழிப்பறை வண்டி நின்றது. அதன் முன் நீண்ட வரிசை, முக்கால்வாசி பெண்கள். உள்ளே போய்விட்டு வந்த ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். பால் கொடுக்கிறவள். முகம் வெளுத்திருந்தது. "தண்ணி குடிச்சியாம்மா?" என்றேன். "காலையிலேர்ந்து குடிக்கலக்கா. குடிச்சா எங்க போறது?" என்றாள்.

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. கல்யாணமோ, பஸ் பிரயாணமோ, திருவிழாவோ, வெளியே கிளம்புகிற நாளில் நாம் முதலில் செய்வது என்ன? தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது. நம் அம்மா நமக்குச் சொல்லித் தந்தாள். நாம் நம் பெண்ணுக்குச் சொல்லாமலே சொல்லித் தருகிறோம். ஆண்கள் தாகம் எடுத்தால் குடிக்கிறார்கள். நாம் கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடிக்கிறோம். சாதாரண நாளிலேயே இது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். நடு வெயிலில் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில் இது உயிரோடு விளையாடுவது. தண்ணீர் வைத்தால் மட்டும் போதாது. கழிப்பறை இல்லாத இடத்தில் வைத்த தண்ணீர் பெண்களுக்கு வைத்த தண்ணீரே இல்லை.

கையில் இருந்த பாட்டிலில் கொஞ்சத்தை அவளைக் குடிக்க வைத்தேன். என் பெண்ணை அந்த வரிசையில் நிறுத்த மனசு வரவில்லை. திரும்பி வந்தால், மாமா இவர் தோளில் சாய்ந்து நிற்கிறார். "கால் ரெண்டும் பிடிச்சு இழுக்குதும்மா, தலை சுத்துது" என்றார். கையைத் தொட்டால் பிசுபிசுவென்று வியர்வை. "போதும், கிளம்பலாம்" என்றேன். காட்சி முடிய இன்னும் அரை மணி இருந்தது.

திருவல்லிக்கேணிப் பக்கத்துச் சந்து ஒன்றில் எப்படி நுழைந்தோம் என்று இப்போதும் எனக்குத் தெளிவாக ஞாபகம் இல்லை. கொஞ்சம் நிழல் தெரிந்தது, அவ்வளவுதான். அங்கே ஒரு வீட்டு வாசலில் முக்காலி போட்டு ஒரு எவர்சில்வர் குடம், அதன்மேல் ஒரு டம்ளர். போகிற வருகிறவர்களுக்கு ஓர் அம்மாள் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தவர், "பெரியவரைத் திண்ணையில படுக்க வையுங்க" என்றார். என் பெண்ணின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "உள்ளே வாம்மா கண்ணு, பின்பக்கம் பாத்ரூம் இருக்கு. தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், தள்ளிப் போடு" என்றார். பெண்ணுக்குப் பெண் புரிந்துகொள்ளப் பாஷை வேண்டுமா?

மாமாவைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தோம். சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஈரத் துணியால் கழுத்தும் அக்குளும் துடைத்து, விசிறியால் விசிறினோம். பொட்டலத்தைக் கரைத்து ஒவ்வொரு வாயாகக் கொடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் எங்களிடம் ஊர் எது, யார் என்று ஒன்றும் கேட்கவில்லை. காசு கொடுக்க இவர் சட்டைப் பையில் கையை விட்டபோது, "அதெல்லாம் வேணாம் தம்பி, குடத்தை ரொப்பிட்டுப் போங்க, போதும்" என்றார். இவர் இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு வந்தார்.

திரும்புகிற கதையைச் சொன்னால் இடம் போதாது. காட்சி முடிந்து அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டது. ரயில் நிலையத்தை நெருங்க முடியவில்லை. ராயப்பேட்டை மணிக்கூண்டு வரை நிழல் பார்த்து நின்று நின்று நடந்தோம். வழியில் ஒருவர் இருபது ரூபாய் பாட்டில் தண்ணீரை நாற்பது ரூபாய்க்கு விற்றார். கேட்ட விலையைக் கொடுத்து ஆட்டோ பிடித்துச் சைதாப்பேட்டை போய், மின்சார ரயிலில் தாம்பரம் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மாமியார் சுண்டலைத் தாளித்து முடித்திருந்தார்.

அன்று இரவு செய்தியில் சொன்னார்கள். காட்சி பார்க்க வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். வெயிலும் நெரிசலும் தாங்காமல் மயங்கி விழுந்து பலர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள் கூட இல்லை. மாமா டி.வி.யை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "அந்த வீட்டு அம்மா இல்லாட்டி..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் படுக்கப் போய்விட்டார். எங்கள் ஏமாற்றம் பெரிதா? ஐந்து வீடுகளில் அன்று விளக்கு அணைந்துவிட்டதே!

குற்றம் யாருடையது என்று அப்போது நிறைய விவாதம் நடந்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் இது ஒரு நாள் கதை அல்ல. அதற்கு முந்தின வருஷம், 2023 செப்டம்பர் 10-ம் தேதி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி நடந்தது. ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போய் செப்டம்பரில் வைத்தார்கள். கையில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் பலர் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. விமானமானால் என்ன, பாட்டானால் என்ன? மேலே நடக்கிற காட்சிக்கு இருக்கிற ஏற்பாடு, கீழே நிற்கிற ஜனத்துக்கு இல்லை.

நம் பழைய திருவிழாக்களை நினைத்துப் பாருங்கள். மயிலாப்பூரில் பங்குனி மாதம் அறுபத்துமூவர் விழா. லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். மாட வீதிகளில் எத்தனை தண்ணீர்ப் பந்தல், எத்தனை நீர்மோர், பானகம்! சுவாமி புறப்படுவதற்கு முன்பே மோர்ப் பானை வந்து உட்கார்ந்துவிடும். வெயில் காலத்தில் கூட்டம் கூடினால் முதல் தேவை என்ன என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. மோரில் உப்பும், பானகத்தில் வெல்லமும் சும்மாவா போட்டார்கள்? வியர்வையில் போன உப்பும், உடம்புக்குத் தெம்பும் அதில் திரும்பக் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் அவர்களும் விட்டுவிட்டார்கள், பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம். அதை நம் காலத்திலாவது சேர்த்துக்கொள்ள வேண்டாமா?

இனி வெயில் நேரத்தில் குடும்பத்தோடு எங்காவது போவதாக இருந்தால், சில விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. கேட்கட்டும் என்று காத்திருக்காமல் அடிக்கடி நாமே கொடுக்க வேண்டும். ரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீர் சீக்கிரம் குறையும். வெயிலில் போகும் நாளில் என்ன செய்வது என்று அவர்கள் டாக்டரைக் கேட்டுவைப்பது நல்லது. பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. இதற்கு மேல் உப்பு போடக்கூடாது.

தலைசுற்றல், கால் இழுப்பு, குமட்டல், அதிக வியர்வை என்றால் உடனே நிழல், ஈரத் துணி, வாய் வாயாகத் தண்ணீர். ஆனால் ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நினைவு தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெறும் களைப்பு அல்ல, வெப்ப வாதம். உடல் சூடு 104 டிகிரிக்கு மேல் போயிருக்கும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருகிற வரை உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வைக்கலாம். நினைவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

இதெல்லாம் நாம் செய்யக்கூடியது. ஆனால் எல்லாவற்றையும் நாமே பையில் சுமந்துகொண்டு போக முடியுமா? கழிப்பறையைச் சுமக்க முடியுமா, நிழலைச் சுமக்க முடியுமா?

ஆகையால் எங்கள் நகரில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். எங்கள் தெருச் சங்கம் வருஷா வருஷம் பொங்கல் விழா நடத்தும். கூட்டத்தில் பாட்டுப் போட்டி யார், பரிசு யார் தருவது என்று பேசுவார்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து காபி கலந்து கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். 2025 பொங்கலுக்கான கூட்டத்தில் நான் எழுந்து நான்கே கேள்வி கேட்டேன். குடிதண்ணீர் எங்கே? நிழல் எங்கே? பெண்களுக்குக் கழிப்பறை எங்கே, அதில் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு? நெரிசல் வந்தால் வெளியேற இரண்டாவது வழி எது? கொஞ்சம் சிரித்தார்கள். "இருநூறு பேர் வர்ற விழாவுக்கு இதெல்லாமாம்மா?" என்றார் ஒருவர். பின்வரிசையிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் எழுந்து நின்றதும் சிரிப்பு நின்றது. மைதானத்துக்கு அடுத்த இரண்டு வீடுகளில் பெண்களுக்குக் கதவைத் திறந்துவைப்பது என்று முடிவாயிற்று. எந்த வீடு என்று வாசலில் அட்டையும் கட்டினோம்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, கோயில் கும்பாபிஷேகமோ, உணவுத் திருவிழாவோ, உங்கள் ஊரில் எது நடந்தாலும் இந்த நான்கு கேள்விகளை முன்கூட்டியே கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால், குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகள் ஒரு நாள் அழுவார்கள், சமாதானப்படுத்திவிடலாம். வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைக்க முடிந்தவர்கள் வையுங்கள். அத்தோடு, தயங்கி நிற்கிற பெண்ணைப் பார்த்தால் "உள்ளே வாம்மா" என்று ஒரு வார்த்தையும் சொல்லுங்கள்.